லண்டன் ட்யூபுக்கு (சுரங்க ரயிலுக்கு) ஆய்ஸ்டர் கார்டா, வங்கி கார்டா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு லண்டன் போகிறோம், ஒரு வாரம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 13. ஆய்ஸ்டர் (பணம் போட்டு வைத்துத் தட்டும் லண்டன் பயண கார்டு) வாங்கணுமா, இல்லை நம்ம ஊர் கார்டையே காட்டினால் போதுமா?

தணிகை: பெரியவர்களுக்கு ஆய்ஸ்டர் தேவையே இல்லை. கான்டாக்ட்லெஸ் (தட்டினாலே பணம் எடுக்கும்) விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவானாலும் அதே கட்டணம்தான், ஒரு நாளில் எத்தனை முறை போனாலும் உச்சவரம்பைத் தாண்டி எடுக்காது. ஆனால் ஒருவருக்கு ஒரு கார்டு. காலையில் கார்டு, மாலையில் அதே கார்டை போனில் வைத்துத் தட்டினால் இரண்டு ஆளாகக் கணக்காகி வரம்பு போய்விடும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் ஆன் செய்துவிடுங்கள்.

மலர்: பையனுக்கு டிக்கெட்டே வேண்டாம், 11 வயதுக்குள் பெரியவர்களோடு ட்யூபில் இலவசம், அகலமான கேட்டில் ஒன்றாகப் போங்கள். பெண்ணுக்கு மட்டும் ஆய்ஸ்டர் வாங்கி, ட்யூப் ஸ்டேஷன் ஊழியரிடம் 'யங் விசிட்டர்' சலுகை போடச் சொல்லுங்கள், 14 நாளைக்குப் பாதிக் கட்டணம். அவளுக்கும் வங்கி கார்டைத் தட்டினால் முழுக் கட்டணம்தான், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

தணிகை: ஆமாம் மலர், அது சரி. அப்புறம் வார வரம்பு திங்கள் முதல் ஞாயிறு வரைதான், புதன் இறங்கினால் பெரிதாகப் பலன் இருக்காது.

குமரன்: பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், 2014லிருந்தே. ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், ட்யூபில் வெளியே வரும்போதும் தட்டணும்.