குழப்படி நாய், குசினிக்குள்ள களவு. என்ன செய்யலாம்?

கேள்வி – முள்ளியவளை

எங்கட நாய் ஊர்ச்சாதி, ஒண்டரை வயசு, 12 கிலோ வரும். நல்ல பாசம். ஆனா கை கழுவ எழும்பினால் கோப்பையில இருக்கிற மீன் போயிடும். குசினி வெளியில, தகரமும் கிடுகும்; படலை இடுப்பளவுதான். காயப்போட்ட கருவாடு, கோழிமுட்டை, பிள்ளையின்ர கையில இருக்கிற பாண் எண்டு ஒண்டையும் விடாது. நாங்கள் நிக்கேக்க தொடாது, திரும்பினால் தூக்கிடும். ஏசியும் அடிச்சும் பாத்தாச்சு. ரெண்டு நேரமும் வயிறு நிறையச் சோறு போடுறம். சுடச்சுட அவிச்ச முட்டையை வாயில வைச்சால் மறக்கும் எண்டு சிலர் சொல்லினம். செய்யலாமோ?

பாலையடி

அந்தச் சுடுமுட்டை வேலை வேண்டவே வேண்டாம். நாக்கும் அண்ணமும் வெந்து, நாள்க்கணக்கில தின்னேலாமல் கிடக்கும். அந்த நோவை நாய் களவோட சேர்க்காது, வாயைத் திறந்து பிடிச்ச உங்கட கையோடதான் சேர்க்கும். பிறகு வயித்துப்பூச்சிக்கு மருந்து குடுக்கவும் கிட்ட விடாது.

அடி பலிக்காததுக்கும் காரணம் இதுதான். செய்தவுடனே, ஓரிரண்டு செக்கனுக்குள்ள நடக்கிறதைத்தான் நாய் அந்தச் செயலோட சேர்த்துப் படிக்கும். மீனை விழுங்கி அஞ்சு நிமிசத்தால விழுற அடி எதுக்கெண்டு அதுக்கு விளங்காது. உங்கட நாய் படிச்சது ‘ஆக்கள் நிக்கேக்க எடுக்கக்கூடாது’ எண்டதை மட்டுமே. அதோட, பத்துத்தரம் முயண்டு ஒருதரம் ஒரு துண்டு அகப்பட்டாலும் அந்தப் பழக்கம் இன்னும் இறுகும். அதால முதல் ஒரு மாதம் ஒரு துண்டும் அகப்படக்கூடாது. தொடக்கத்தில முந்தினதைவிடக் கூடவும் முயலும், அதைக் கண்டு மனம் தளராதேங்கோ.

படலைக்கு மேல கம்பிவலை அடிச்சு அஞ்சு அடிக்கு உயர்த்துங்கோ. கொழுக்கி மேலயொண்டு, கீழயொண்டு வேணும். மேல மட்டும் இருந்தால் கீழ்மூலையைத் தலையால தள்ளி நுழையும். தகரத்துக்குக் கீழால தோண்டினால் அந்த இடத்தில ஒரு வரி கல்லைப் புதையுங்கோ. இந்தளவு நாய் பின்னங்காலில நிண்டால் மூண்டு அடியை எட்டும். பக்கத்தில வாங்கு, உரல் எண்டு ஏதும் கிடந்தால் அதில ஏறி இன்னும் மேல போகும். உறி கட்டுறதெண்டால் அதின்ர அடி அஞ்சு அடிக்கு மேல நிக்கோணும், கீழ ஒரு சாமானும் இருக்கக்கூடாது. சட்டிமூடிக்கு மேல பாரம் வைக்கிறது பிரியோசனமில்லை. சட்டியோடயே கவிழ்க்கும்.

வாடிக்காரன்

கருவாட்டை நிலத்தில பாயில போட்டால் நாய் எடுக்கத்தான் செய்யும். நாலரை அடி உயரத்தில தடிப்பரண் கட்டி, மேல பழைய வலையை இழுத்துக் கட்டுங்கோ. வலை மீனில முட்டக்கூடாது, அரை அடி இடைவெளி வேணும். முட்டினால் காகம் வலைக்கண்ணுக்குள்ளால கொத்தும். ஓரத்தைத் தொங்கவிடாதேங்கோ, நாய் சிக்குப்படும். தலை, குடல் எல்லாத்தையும் ரெண்டடிக் கிடங்கில தாழுங்கோ. அந்த மணம் நிக்குமட்டும் நாய் அங்கயிருந்து போகாது.

உப்புக் கருவாடு கனக்கத் திண்டிட்டால் நிறையத் தண்ணி கேக்கும், தாராளமாய் வையுங்கோ. சத்தியெடுத்துத் தள்ளாடினால், நடுங்கினால் உடனை கால்நடை வைத்தியரிட்ட கொண்டு போங்கோ. தூண்டிலோட மீன்தலையை விழுங்கி, வாயில தங்கூசி (தூண்டில் நூல்) தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். தொங்கிற நுனியைக் கழுத்துப்பட்டியில கட்டிக்கொண்டு அப்பிடியே கொண்டு போங்கோ. இழுத்தால் தூண்டில் முள்ளு உள்ளுக்க இன்னும் ஆழமாய் ஏறும்.

குளக்கட்டு

‘வயிறு நிறைய’ எண்டுறீங்கள், சோறு மட்டுமோ? 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அவிச்ச சோறு 300 கிராம், முள்ளெடுத்த மீன் 200 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் பூசணி. ரெண்டு நேரமாய்ப் பிரிச்சு, நீங்கள் சாப்பிட முதலே போடுங்கோ. மெலிஞ்சால் கூட்டுங்கோ, கொழுத்தால் குறையுங்கோ. மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் பூச்சிமருந்தும் வேணும். நல்லாத் திண்டும் மெலியிற நாயை வைத்தியரிட்டக் காட்டத்தான் வேணும்.

களவெடுக்கிற கறியில பயப்பட வேண்டியது வெங்காயமும் உள்ளியும். இந்தப் பாரத்து நாய்க்கு 60 கிராம் வெங்காயமே இரத்தத்தைக் கெடுக்கும். சமைச்சாலும் நஞ்சு போகாது. சில நாளைக்குப் பிறகுதான் முரசு (பல்லீறு) வெளிறி, மூத்திரம் கறுத்துச் சிவக்கும். அவிச்ச கோழியெலும்பும் சிராயாய் உடைஞ்சு குடலைக் குத்தும். நெல்லு வைக்கிற இடத்தில எலிமருந்து இருந்தால் முதல்ல அதை அப்புறப்படுத்துங்கோ.

கேட்டவர்

நன்றி. பிள்ளையின்ர பாணுக்கு என்ன வழி? பறிக்கப்போனால் உறுமுது. நாள் முழுக்கக் கட்டிவைக்கவோ?

பாலையடி

நாள் முழுக்க வேண்டாம், கட்டிக் கிடக்கிற நாய்க்கு மூர்க்கம் கூடும். சமைக்கிற, சாப்பிடுற நேரத்தில மட்டும் நிழலில, தண்ணியோட, பத்தடிக் கயிற்றில கட்டுங்கோ. உறுமிற வாயிலயிருந்து பறிக்கவே கூடாது, பிள்ளையை விடவும் கூடாது. நல்ல மீன்துண்டொண்டை ரெண்டு முழம் தள்ளிப் போட்டு, அது பாணை விட்டிட்டுப் போனபிறகு பாணை எடுங்கோ.

‘விடு’ பழக்கிறது பெரியாக்களின்ர வேலை. கருவாட்டுத் துண்டொண்டைக் கையில பொத்திப் பிடியுங்கோ. மணக்கும், நக்கும், பிறாண்டும், பேசாமல் இருங்கோ. மூக்கை எடுத்த அந்தச் செக்கனே ‘விடு’ எண்டு சொல்லி, மற்றக் கையால வேறொரு துண்டைக் குடுங்கோ. பொத்தின துண்டை ஒருநாளும் குடுக்காதேங்கோ. நேரத்துக்கு அஞ்சு நிமிசம், நாளுக்கு மூண்டுதரம். பிறகு திறந்த கையில, பிறகு நிலத்தில காலடியில, கடைசியாய்க் கோப்பையில. ஒரு படியில தவறினால் முந்தின படிக்குத் திரும்புங்கோ.

விசர்நாய்த் தடுப்பூசி வருசத்துக்கு ஒருக்கால் போடுறனீங்களோ? பிள்ளைக்குப் பல்லுப்பட்டால், சின்னக் கீறலெண்டாலும், ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவி அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.