லினக்ஸை இனியும் கையில்தான் கொடுக்க வேண்டுமா?

வேதாரண்யத்தான்:
விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் பிள்ளைகளிடம் உள்ள பழைய விலையில்லா லேப்டாப்பெல்லாம் விண்டோஸ் 11-க்குத் தேறாது. விண்டோஸை எடுத்துவிட்டு இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான முழுக் கோப்பு) 5 ஜிபிக்கு மேல். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் எப்படி இறக்குவது? ஊர் நூலகங்களில் டிவிடியும் பென்டிரைவும் வைக்கலாம் என்கிறேன்.

தஞ்சை வடக்குவீதி:
தம்பி, 2005 முதல் உலகம் பூரா இலவசமாக சிடி அனுப்பிய உபுண்டுவே 2011-இல் அதை நிறுத்திவிட்டது. ஒற்றை அடுக்கு டிவிடியே 4.7 ஜிபிதான், நீங்கள் சொல்லும் ஐஎஸ்ஓ அதில் அடங்காது. புது லேப்டாப்பில் டிவிடி டிரைவும் கிடையாது. ஃபைபர் உள்ள வீட்டில் இறக்கிக்கொள்வதை விட்டுவிட்டு இது எதற்கு?

மன்னார்குடி வாசகர்:
இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனின் முதல் டிவிடி 4.7 ஜிபிக்குள் அடங்கும் அண்ணே. நெட் இல்லாமலே டெஸ்க்டாப் வரை போடலாம். டிவிடி-ஆரில் எழுதியதை அப்புறம் யாரும் மாற்ற முடியாது. பத்துப் பேர் கைமாறிய பென்டிரைவை எப்படி நம்புவது?

கும்பகோணம் சர்வீஸ்:
நம்ப வேண்டாம், சரிபாருங்கள். கடைக்கு வரும் மலிவு பென்டிரைவ் சில 64 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். காப்பி முழுசாக முடியும், பிழை எதுவும் வராது. இன்ஸ்டால் பாதியில் நிற்கும்போதுதான் தெரியும். ஐஎஸ்ஓவைக் கோப்பாகவே வாங்கி, உங்கள் கணினியில் எஸ்எச்ஏ256 (கோப்புக்குக் கைரேகை எடுக்கிற மாதிரி ஒரு கணக்கு) போட்டுப் பாருங்கள். வருவது 64 எழுத்து. அதை டெபியன் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட போன் நெட்டே போதும். கோப்பு எந்தக் கை வழியாக வந்தாலும் கவலையில்லை. ஒப்பிடும் எழுத்துகளை மட்டும் அதே பென்டிரைவிலிருந்து எடுக்காதீர்கள்.

தஞ்சை வடக்குவீதி:
அது சரி. ஆனால் பாதுகாப்பு அப்டேட்டுக்கு எப்படியும் நெட் வேண்டுமே?

வேதாரண்யத்தான்:
வேண்டும்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக வரும், பேக்குக்குள் அடங்கும். மொத்தமாக 5 ஜிபிதான் இடிக்கிறது. 2018 கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்டும் டவரும் இல்லாமல் கிடந்த ஊர் அண்ணே இது. நெட்டை மட்டும் நம்பச் சொன்னால் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

தஞ்சை வடக்குவீதி:
கரண்ட் இல்லாவிட்டால் லேப்டாப்பும்தான் ஓடாது. சரி, பென்டிரைவ் வையுங்கள், டிவிடிக்குக் காசு போடாதீர்கள். பழைய பதிப்பு அதிலேயே கிடக்காமல் யார் பார்ப்பது?

வேதாரண்யத்தான்:
டெபியன் இடைப்பதிப்பு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும். எங்கள் ஊர் நூலகத்துக்கு நான் மாற்றித் தருகிறேன். பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?