டிஎன்ஏ நகலாகும்போது ஹிஸ்டோன்கள் எங்கே போகும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை, டியூஷன் மிஸ்:

பிளஸ் டூ உயிரியலில் நியூக்ளியோசோமை, அதாவது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் டிஎன்ஏ சுற்றியிருக்கும் உருண்டையை, ஒரு நாள் நடத்துவோம், டிஎன்ஏ இரட்டிப்பாதலை இன்னொரு நாள் நடத்துவோம். இரண்டும் ஒரே இழையில் நடக்கிற சமாச்சாரம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றாது. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குத் தோன்றிவிட்டது. “மிஸ், எட்டு ஹிஸ்டோன் மேல 147 கார இணை சுத்தியிருக்குன்னீங்க. நகல் எடுக்க வந்தா அது வழிய மறிக்காதா? எங்க போகும்?” நீட்டில் இது வரப்போவதில்லை. ஆனாலும் மாதிரித் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டு அன்று இதையே பேசினோம்.

இழைகளைப் பிரித்துக்கொண்டு வரும் ஹெலிகேஸ் முட்டியதும் நியூக்ளியோசோம் குலையும். அந்த எட்டு ஹிஸ்டோன்களில் ஹெச்2ஏ, ஹெச்2பி ஜோடிகள் சுலபமாகக் கழன்று மற்றவற்றோடு கலந்துவிடும். ஹெச்3, ஹெச்4 இரண்டிரண்டாகச் சேர்ந்த நால்வர் கூட்டு மட்டும் பெரும்பாலும் உடையாது. துணைப் புரதங்கள் கைமாற்றிவிட, பின்னால் உருவாகும் இரண்டு நகல்களில் ஒன்றில், ஏறக்குறைய பழைய இடத்திலேயே போய் உட்காரும்.

அவள் குடியிருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கை அப்போது இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதையே வைத்துச் சொன்னேன்: ஒரு பிளாக் இருந்த இடத்தில் அதே மாதிரி இரண்டு. பழைய குடித்தனக்காரர்களில் பாதிப் பேர் இதில், பாதிப் பேர் அதில், மீதி வீடுகளுக்குப் புது ஆள். சட்டென்று கேட்டாள்: “பழைய ஆளுங்க மொத்தமும் ஒரே பிளாக்குக்குப் போயிடாம யாரு மிஸ் பாத்துக்கிறது?”

வியாசர்பாடி, பயோடெக் முதுகலை மாணவர்:

மிஸ், அதற்கு 2018-இல்தான் தெளிவான பதில் வந்தது. நான் செமினாருக்கு எடுத்ததும் இதுதான். பார்த்துக்கொள்வது நகலெடுக்கும் இயந்திரமேதான். ஹெலிகேஸின் உறுப்பான எம்சிஎம்2 பழைய ஹிஸ்டோன்களை, துண்டு துண்டாகக் கட்டப்படும் பின்தங்கும் இழைப் பக்கம் அனுப்புகிறது. தொடர்ச்சியாக வளரும் முன்னோடும் இழையைக் கட்டும் பாலிமரேஸ் எப்சிலான் என்ற நொதியின் இரண்டு சின்னத் துணையலகுகள் தங்கள் பக்கம் இழுக்கின்றன. எம்சிஎம்2 ஹிஸ்டோனைப் பிடிக்கும் இடத்தைக் கெடுத்தால், எலியின் கருத் தண்டு செல்களில் பழையவை முன்னோடும் இழையில் குவிகின்றன. ஈஸ்ட்டில் அந்தத் துணையலகுகளை நீக்கினால் நேர் எதிராக நடக்கிறது.

அப்புறம், புது ஆட்களை, அதாவது புது ஹிஸ்டோன்களை, குடிவைப்பது சிஏஎஃப்-1 என்ற புரதக்கூட்டு. 1989-இல் ஸ்டில்மேன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில், மனித செல் சாற்றில் எஸ்வி40 வைரஸின் டிஎன்ஏவை நகலாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏவை வளையமாகச் சுற்றியிருக்கும் பிசிஎன்ஏ என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் நகலான இடத்துக்கே இது வந்து சேரும்.

ராயபுரம், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:

இந்தத் துறையில் கார்ன்பெர்க் என்ற பெயரில் இரண்டு விஞ்ஞானிகள் உண்டு; என் பிள்ளைகள் இருவரையும் ஒருவராக்கி எழுதிவிடுவார்கள். பாக்டீரியாவிலிருந்து முதல் டிஎன்ஏ பாலிமரேஸைப் பிரித்தெடுத்தவர் அப்பா ஆர்தர். 1974-இல் நியூக்ளியோசோம் மாதிரியை முன்வைத்தவர் மகன் ராஜர். உங்கள் மாணவி அப்பாவையும் மகனையும் மோதவிட்டிருக்கிறாள்!

மிஸ், ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். புதிதாக வரும் ஹிஸ்டோன்களில், ஜீன் இயங்குமா அடங்கியிருக்குமா என்று காட்டும் பழைய வேதிக் குறிகள் இராது. ஹெச்3-இன் 27-ஆவது லைசினில் மூன்று மீத்தைல் ஒட்டியிருந்தால் அந்தப் பகுதி ஜீன் அடக்கிவைக்கப்பட்டிருக்கும். பிஆர்சி2 என்ற நொதிக்கூட்டு பழையதில் உள்ள குறியைப் படித்து, பக்கத்துப் புதியதிலும் அதையே எழுதும். நகல் முடிந்த கையோடு இது முடியாது. மணிக்கணக்கில் இழுக்கும், சில குறிகள் அடுத்த செல் சுழற்சி வரைகூட. அவள் அடுத்து இதைத்தான் கேட்பாள், தயாராக இருங்கள்.