‘டச்சு ரீச்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். கார் கதவை அதன் பக்கத்துக் கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையால் திறப்பதுதான் ‘டச்சு ரீச்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘டச்சு எட்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. நெதர்லாந்தில் இதற்குத் தனிப்பெயரே கிடையாது. கார் கதவைத் திறக்கும் வழக்கம், அவ்வளவுதான். இந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், 2016-இல். பிரிட்டனின் சாலை விதிநூல் 2022 ஜனவரியில் இதைச் சேர்த்தபோது, கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் திறக்கவும் என்று செயலை மட்டும் சொன்னது. நாமும் செயலையே பிடித்துக்கொள்வோம்.

நம் ஊர்க் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். வலக்கையால் கதவைத் திறந்தால் உடம்பு அசையவே வேண்டாம். இடக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினால் தோள் தானாகத் திரும்பும், கண் பக்கக் கண்ணாடியில் விழும், இன்னும் கொஞ்சம் திரும்பினால் பின்னால் வரும் சைக்கிளே தெரிந்துவிடும்.

போன மடலில் வந்த ‘இடக்கைத் திறப்பு’ ஓட்டுநருக்குச் சரி. பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலக்கையால் அல்லவா திறக்க வேண்டும்? ‘எதிர்க்கை’ என்றால் எதிராளியின் கையோ என்று தோன்றுகிறது. அந்தக் கை என்ற பொருளில் ‘அக்கைத் திறப்பு’ அழகுதான், ஆனால் படிப்பவர் அக்காவைத் தேடுவார்.

என் ஓட்டு ‘மறுகைத் திறப்பு’. மறுகரை, மறுபக்கம் என்று பழகிய காதுக்கு விளக்கம் வேண்டாம். ‘மறுகையால் திற’ என்று ஸ்டிக்கரிலும் அடிக்கலாம்.

அப்படியே இன்னொன்று. திறந்த கதவில் சைக்கிள்காரர் மோதுவதை ஆங்கிலத்தில் ‘டோரிங்’ என்கிறார்கள். ‘கதவடி’ எப்படி? மரத்தடி போல, கதவுக்குக் கீழே என்று படிக்க இடமுண்டு. ஆனால் கல்லடி பட்டது போலக் கதவடி பட்டது என்றால் குழப்பமில்லை. எனக்கே பட்டிருக்கிறது: கடை வாசலில் நின்ற காரின் கதவு சட்டென்று திறந்தது, பிரேக்கைப் பிடிப்பதற்குள் கதவின் விளிம்பு ஹேண்டில்பாரில் இடித்து, நான் நடுரோட்டில் கிடந்தேன். நல்லவேளை, பின்னால் பஸ் வரவில்லை. உள்ளே இருந்தவர் கேட்டது, “பெல் அடிக்கக் கூடாதா?”

கார் ஓட்டக் கற்றுத்தரும் நண்பர் ஒருவரிடம் நேற்று ‘மறுகை’யைச் சொல்லிப் பார்த்தேன். “எதுக்கு சார், ‘அந்தக் கையால தொற’ன்னா போதுமே” என்றார்.

அக்கை திரும்பி வந்துவிட்டாள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.