கழிமுகத் துறைக்குள் பாயிலேயே வருவதா, எஞ்சின் போட்டு வருவதா?

உப்புக்காற்று:
போன சனிக்கிழமை மத்தியானம், மிதவைகளில் கட்டிக்கிடந்த படகுகளுக்கு நடுவே ஒரு முப்பதடிப் படகு இரண்டு பாயும் விரித்தபடி புகுந்து வந்தது. ஏறுநீர், அதாவது கடலிலிருந்து உள்ளே ஏறும் ஓதம், பின்னாலிருந்து தள்ளுகிறது, காற்றும் பின்னால். திரும்ப இடமில்லாமல் என் படகின் கைப்பிடிக் கம்பியை வளைத்துவிட்டுத்தான் நின்றார்கள். எஞ்சின் இருந்தும் போடவில்லை. கூட்டமான துறைக்குள் பாயில் வருவது வீம்பு, வேறொன்றுமில்லை.

அணியத்துக்காரன்:
கம்பிக்கு வருத்தப்படுகிறேன், ஆனால் குற்றம் பாயுடையது இல்லை. நீரோட்டம் 2 நாட் இருந்தால், தண்ணீரில் படகு அசையாமல் நின்றாலும் அது மணிக்கு 3.7 கிலோமீட்டர் வேகத்தில் அடுத்த படகை நோக்கிப் போய்க்கொண்டுதான் இருக்கும். எஞ்சினோ பாயோ, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பித்தான் மிதவையைப் பிடிக்க வேண்டும். காற்றும் ஓட்டமும் ஒரே பக்கமிருந்து வந்தால் முன்பாயை இறக்கிவிட்டுப் பெரிய பாயோடு ஏறி, கடைசியில் அதைத் தளர்த்தினால் படகு தானாக நிற்கும். எதிரெதிராக வந்தால் பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயோடு மட்டும் மெல்ல ஏறணும். அவர்கள் கூட்டத்துக்கு வெளியிலேயே திரும்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உப்புக்காற்று:
சரி, அதே வேலையை எஞ்சினில் செய்தால் பின்னால் இழுக்க ஒரு கியர் இருக்கிறதே? பாய்க்கு எங்கே இருக்கிறது பிரேக்?

திட்டுக்கு வெளியே:
இரண்டு பேரும் உள்ளே வந்த கதையையே பேசுகிறீர்கள். எனக்கு முகத்துவார மணல்திட்டுதான் பயம். கடல்காற்று வீசும்போது இறங்குநீர் வெளியே பாய்ந்தால் அலை அங்கே சுவராக நிமிர்ந்து உடையும், ஆனால் வெளியிலிருந்து வருகிறவருக்கு அலையின் வழுவழுப்பான முதுகு மட்டும்தான் தெரியும். இங்கிலாந்தின் சால்கோம் கழிமுகத்தில் 1916 அக்டோபரில் துடுப்பு உயிர்காப்புப் படகே திட்டைக் கடந்து திரும்பும்போது கவிழ்ந்தது, 15 பேரில் 13 பேர் போய்விட்டார்கள். டீசல் தொட்டியின் அடியில் கிடக்கும் கசடு குலுங்கி எழுந்து ஃபில்டரை அடைப்பதும் இப்படிப்பட்ட கொந்தளிப்பில்தான். எஞ்சினை மட்டும் நம்பிப் பாயைச் சுருட்டி மூடி வைத்தவர் அந்த நிமிடத்தில் என்ன செய்வார்?

உப்புக்காற்று:
அப்படிப்பட்ட நேரத்தில் நுழையவே கூடாது, உச்ச ஏற்றம் வரும்வரை காத்திருக்கணும். திட்டின் மேல் ஆழமும் கிடைக்கும், ஓட்டமும் அடங்கியிருக்கும், மிதவைக் கயிற்றைக் கொக்கித் தடியால் நிதானமாக எடுக்கலாம்.

திட்டுக்கு வெளியே:
உச்ச ஏற்றத்தில் தரை தட்டினால் தூக்கிவிட யார் வருவார்? அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதம் கழிந்த மறுநாள் என்றால் ஒவ்வொரு ஏற்றமும் முந்தியதைவிடக் குறைந்துகொண்டே போகும், இரண்டு வாரம் படகிலேயே சமையல்தான். ஏற்றம் சுமார் 6 மணி நேரம் என்றால், மொத்த உயர்வில் பாதி 3ஆம், 4ஆம் மணிகளிலேயே வந்துவிடும். அதற்கு அடுத்த மணியில் நுழைந்தால் தட்டினாலும் மிச்ச ஏற்றம் தூக்கிவிடும்.

அணியத்துக்காரன்:
இது நியாயம். நானும் அந்த மணியில்தான் வருவேன். ஆனால் பாயில்தான் வருவேன். மிதக்கும் கயிறு புரொப்பெல்லரில் சுற்றி ஒருவர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்ததைப் பக்கத்துப் படகிலிருந்து பார்த்தவன் நான். எஞ்சின் ஓடட்டும், நியூட்ரலில் ஓடட்டும், கியர் போடுவது கடைசி வழி.

உப்புக்காற்று:
ஆக எஞ்சின் ஓடட்டும் என்கிறீர்கள்! இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்?

அணியத்துக்காரன்:
ஓடுவது வேறு, அதில் ஓட்டுவது வேறு.

உப்புக்காற்று:
சரிதான். அப்புறம், வளைந்த கம்பியை நிமிர்த்த ஆள் தேடுகிறேன். பாய்க்காரர்கள் யாராவது வருகிறீர்களா? எஞ்சின் போட்டு வந்தாலும் பரவாயில்லை.