மாசிடோனிய ஈட்டிப்படைக்கு என்ன தரம் கொடுப்பது? எங்கள் கணக்கு உதைக்கிறது

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. பழங்காலப் போர்களை மேசையில் ஆடுவதற்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சொந்தமாக விதிகள் எழுதி வருகிறோம். ஒவ்வொரு அணிக்கும் 1 முதல் 6 வரை ஒரு தர எண் உண்டு. சண்டை வந்தால் பகடை உருட்டி அந்த எண்ணைக் கூட்டுவோம். யாருக்குக் கூடுதலோ அவர் எதிரியைப் பின்னுக்குத் தள்ளுவார். குதிரைப்படை, வில்லாளிகள் எல்லாம் ஓரளவு ஒழுங்காக வந்துவிட்டது. மாசிடோனிய ஈட்டிப்படையில் மாட்டிக்கொண்டோம்.

முதலில் அதற்கு 5, ரோமானியக் காலாட்படைக்கு 4 என்று வைத்தோம். கி.மு. 197 கினோஸ்கெஃபாலே போரை நான்கு முறை ஆடினோம். நான்கு முறையும் மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப் ஜெயித்துவிட்டார், ஆனால் நிஜத்தில் அவர் தோற்ற போர் அது. சரி என்று 3 ஆகக் குறைத்தோம். இப்போது கி.மு. 333 இஸ்ஸஸ் போரில் பாரசீக மன்னர் டேரியஸின் கிரேக்கக் கூலிப்படை அலெக்சாண்டரின் நடுப்படையை ஏறி மிதித்துக்கொண்டு போகிறது. 4 போட்டால் இரண்டு போரும் வெறும் பகடை விளையாட்டாகிவிடுகிறது. எந்த எண் சரி? இல்லை, வேறு எங்காவது தப்பு செய்கிறோமா?

பதில் 1:
எந்த எண் போட்டாலும் சரிவராது. ஒரே எண்ணிடம் இரண்டு வேலை வாங்குகிறீர்கள். முன்பக்கம் எவ்வளவு பலம் என்பது ஒன்று, அந்த ஆட்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பது இன்னொன்று.

முன்பக்க பலம் சரிசா என்ற நீண்ட ஈட்டியும் வரிசையும் சேர்ந்து தருவது. பழங்கால வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைக் கணக்கு போட்டே காட்டுகிறார். அவர் காலத்து ஈட்டி 14 முழம், அதாவது 6 மீட்டருக்கு மேல். முதல் வரிசை வீரனுக்கு முன்னால் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவனுக்கு நிற்க 3 அடி போதும். வாளை வீசிச் சண்டையிடும் ரோமானியனுக்கு 6 அடி வேண்டும். ஆகவே ஒரு ரோமானியன் இரண்டு ஆட்களை, பத்து ஈட்டி முனைகளை எதிர்கொள்கிறான். வரிசை குலையாத வரை முன்னாலிருந்து இதை யாராலும் உடைக்க முடியாது. பின்னால் பிடித்திருப்பவன் சுமாரான வீரன் என்றாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

அதனால் எல்லா ஈட்டிப்படைக்கும் பொதுவாக முன்பக்க எண் 6 வையுங்கள். வரிசை குலைந்தால் அது 2 ஆகட்டும். தரம் என்பதைத் தனியாக வைத்து, வரிசை குலைகிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். மேடு பள்ளம், ஆற்றங்கரை, பக்கத்து அணியோடு இடைவெளி, இந்த மூன்றில் எது வந்தாலும் ஒரு பகடை. தர எண்ணுக்கு மேல் விழுந்தால் குலைந்தது. பக்கவாட்டிலோ பின்னாலோ அடி விழுந்தால் பகடையே வேண்டாம், உடனே குலையட்டும். அவ்வளவு நீள ஈட்டியோடு நெருக்கமாக நிற்பவன் தனியாளாகத் திரும்பிச் சண்டை போட முடியாது.

இஸ்ஸஸில் நடந்ததும் இதுதான். ஆற்றின் செங்குத்தான கரையில் ஏறும்போது அலெக்சாண்டரின் வரிசையில் இடைவெளி விழுந்தது, கூலிப்படை அதற்குள் பாய்ந்தது. பேர்பெற்ற மாசிடோனியர் மட்டும் சுமார் 120 பேர் அங்கே விழுந்ததாக வரலாற்றாசிரியர் அரியன் எழுதுகிறார். அலெக்சாண்டரின் ஆட்கள் தரத்தில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டோம், இல்லையா?

கேட்டவர்:
அண்ணா, இது புரிகிறது, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். கினோஸ்கெஃபாலேயில் பிலிப்பின் வலது பாதி ஜெயித்தது, இடது பாதி ஓடியது. இடது பாதிக்குத் தரம் குறைத்துப் போடவேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். இரண்டும் ஒரே படை. வலது பாதி உச்சியில் அணிவகுத்து, ஆழத்தை இரட்டித்துக்கொண்டு சரிவில் இறங்கியது. இடது பாதி அப்போதுதான் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது, வரிசை கட்டவே நேரம் இல்லை. ரோமானியத் தளபதி ஃபிளாமினினஸ் யானைகளை முன்னால் விட்டு அதன்மேல் மோதினார். ஆகவே இடது பாதியைத் தொடக்கத்திலேயே ‘குலைந்த’ நிலையில் மேசையில் வையுங்கள். வரிசை கட்ட ஒரு முழுச் சுற்று தேவை என்று விதி எழுதுங்கள். அப்புறம் ரோமானிய டிரிபியூன் (படை அதிகாரி) ஒருவர் 20 மேனிப்பிள்களோடு (சிறு காலாட்படைப் பிரிவுகள்) திரும்பி வலது பாதியின் முதுகில் அடித்தாரே, அந்த நகர்வுக்கும் உங்கள் விதியில் இடம் இருக்கவேண்டும். அது இல்லாமல் ரோமானியருக்கு அந்தப் போரில் ஜெயிக்க வழி இல்லை.

மொத்தப் படைக்கும் தரம் ஒரு படி குறைவு என்பது நியாயம். தொடர்ந்த போர்களால் ஆள் பற்றாக்குறை வந்து, 16 வயதுப் பையன்களைக்கூட பிலிப் சேர்த்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்கிறார்.

பதில் 2:
பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நேருக்கு நேர் மோதலில் தரம் கணக்கிலேயே வராது என்பதை ஏற்க முடியவில்லை. இரண்டு பக்கமும் ஈட்டிப்படையாக இருந்தால்?

அலெக்சாண்டர் இறந்தபின் அவருடைய தளபதிகள் யூமெனிஸும் ஆன்டிகோனஸும் மோதிய கி.மு. 317 பரைதகேனே போரை எடுத்துக்கொள்ளுங்கள். யூமெனிஸின் ஈட்டிப்படையை வரலாற்றாசிரியர் டியோடோரஸ் பிரித்தே தருகிறார்: 6,000 கூலிப்படை, மாசிடோனிய ஆயுதம் தரித்த பல இனத்தவர் 5,000, வெள்ளிக் கேடயத்தார் என்ற அலெக்சாண்டர் காலத்து மூத்த வீரர்கள் 3,000, ஹைபாஸ்பிஸ்ட் என்ற தேர்ந்த காலாட்படையினர் 3,000. எதிரில் ஆன்டிகோனஸிடம் ஈட்டிப்படை ஆட்கள் அதிகம். அப்படியும் வெள்ளிக் கேடயத்தார் நின்ற பக்கம் எதிரி வரிசை உடைந்தது. அடுத்து நடந்த கபியேனே போரில் தங்கள் பக்கம் ஒருவரும் சாகாமல் 5,000 பேருக்கு மேல் கொன்றார்களாம். அவர்களில் மிக இளையவருக்கே அறுபது வயது என்கிறார். எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும். ஆனால் அனுபவம் நேர் மோதலிலும் பேசியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்கு முன்பக்க எண்ணை ஏற்றவேண்டாம். ‘ஃபீல்ட் ஆஃப் குளோரி’ என்ற மேசைப் போர் விளையாட்டின் விதிகளில் ஒரு நல்ல வழி இருக்கிறது: உயர்தர அணிக்கு 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம், மட்டமான அணி 6 விழுந்தால் மறுபடி உருட்டியாகவேண்டும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தரம் இப்படி வைக்கலாம்: வெள்ளிக் கேடயத்தார் 5, அலெக்சாண்டரின் ஈட்டிப்படை 4, ஐந்தாம் பிலிப்பின் படை 3. கி.மு. 217 ராஃபியா போருக்காக எகிப்து மன்னர் நான்காம் தாலமி பயிற்சி கொடுத்த 20,000 எகிப்தியருக்கும் 3 தருவேன். புதியவர்கள் என்று எல்லோரும் 2 போடுகிறார்கள், எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அந்தப் போரில் ஈட்டியைத் தாழ்த்திக்கொண்டு முன்னேறி ஜெயித்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கேட்டவர்:
நேற்று இரவு புது விதியில் மூன்று முறை ஆடினோம். கினோஸ்கெஃபாலேயில் இரண்டு முறை ரோமானியர் ஜெயித்தார்கள். ஒருமுறை இடது பாதி நேரத்தில் வரிசை கட்டிவிட்டது, பிலிப் தப்பித்தார். மூன்று ஆட்டமும் கடைசிவரை இழுத்தது, அதுதான் பெரிய சந்தோஷம். எகிப்தியருக்கு 3 என்பதற்கு நண்பர் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதைத் தனியாகப் பேசிக்கொள்கிறோம். அடுத்து கி.மு. 168 பிட்னா போர். அங்கே மாசிடோனிய மன்னர் பெர்சியஸின் தேர்ந்தெடுத்த 3,000 பேருக்கு என்ன போடலாம்?

பதில் 2:
5 போடுங்கள். கூடவே ஒரு தனி விதியும் எழுதுங்கள்: வரிசை குலைந்தாலும் அவர்கள் ஓடமாட்டார்கள். மற்ற படை சிதறி ஓடியபோது அந்த 3,000 பேரும் நின்ற இடத்திலேயே சண்டையிட்டு வெட்டுப்பட்டார்கள் என்று பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.