காலியாக இருந்தும் ஏறாத கல்யாண வீடியோ: உங்கள் ஃபார்மட் அனுபவங்கள்

திருமங்கலத்தான்:
தங்கச்சி வரவேற்பு. நிச்சயதார்த்த வீடியோவை மண்டபத்து எல்.இ.டி. திரையில் ஓட்டியே ஆகவேண்டும் என்று மாமா பிடிவாதம். 6 ஜிபி ஃபைல், புத்தம் புது 32 ஜிபி பென் டிரைவ். காப்பி போட்டால், ஃபைல் ரொம்பப் பெரிசு என்கிறது. "காலியாத்தானே மாப்ள இருக்கு, ஏன் ஏற மாட்டேங்குது?" என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார் மாமா. பின்னால் பந்திக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்குத்தான் ஃபார்மட் என்று பெயர், அதில் பழைய ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது பந்தியெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இப்போதும் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "ஏறுச்சா மாப்ள?" என்பார்.

செல்லூர்க்காரன்:
32 ஜிபி வரை பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32-ல்தான் வரும். வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. என் கதை நேர் எதிர். விவரமாக இருப்பதாக நினைத்து, பெரிய ஃபைலும் ஏறும் எக்ஸ்ஃபேட் ஃபார்மட் போட்டு, படம் ஏற்றி, உசிலம்பட்டிக்குக் கொண்டுபோனேன். அப்பாவின் பழைய டிவி டிரைவையே பார்க்கவில்லை. "கேபிள்லயே பாத்துக்கிறேன் விடுப்பா" என்றார். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட் போட்ட பிறகு ஓடியது, ஆனால் அதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

வைகைக்கரை வீடியோ:
எக்ஸ்ஃபேட் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நம்பாதீர்கள். நான் எடிட் செய்வது மேக்கில், ஆல்பம் செய்யும் தம்பியிடம் விண்டோஸ். இரண்டிலும் எழுத வேண்டும், அதனால் எக்ஸ்ஃபேட்தான். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று இரவு டிரைவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. கரண்ட் வந்ததும் விண்டோஸில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. மவுஸில் கை வைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ரெக்கவரி சாஃப்ட்வேரில் கொஞ்சம் வந்தது, ஃபைல் பெயரெல்லாம் போய்விட்டது. தங்கக்குதிரை தண்ணீரைத் தொடுகிற அந்த ஷாட் பாதி வரை ஓடுகிறது, அப்புறம் சாம்பல் கட்டம்.

மேலூர் அண்ணன்:
தம்பி, எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது மாற்றக் குறிப்பேடு, கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸில் மாற்றங்களை முதலில் குறிப்பில் எழுதிவிட்டுத்தான் செய்யும், அதனால் கரண்ட் போனாலும் டிரைவின் ஃபைல் அமைப்பு பிழைத்துக்கொள்ளும். ஏறிக்கொண்டிருந்த ஃபைலும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், தானாக எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் போட்டால் விண்டோஸ் அதைப் படிக்கவே படிக்காது. ஆக உனக்கு எக்ஸ்ஃபேட்டை விட்டால் வழியில்லை. செல்லூர்த் தம்பி, டிவி 2006-க்கு முன்னால் வந்ததா? எக்ஸ்ஃபேட்டே அந்த வருஷம்தான் வந்தது. அதற்குப் பிறகும் டிவி கம்பெனிகள் மைக்ரோசாஃப்டிடம் உரிமம் வாங்கித்தான் போட வேண்டியிருந்தது, அதனால் பலரும் விட்டுவிட்டார்கள். விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2019-ல்தான், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், 5.4 பதிப்பில், எக்ஸ்ஃபேட் நுழைந்ததும் அதே வருஷம். காப்பி முடிந்தாலும் 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்காதே. நான் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பிடுங்கி ஒரு டிரைவை இழந்தவன், அவ்வளவுதான் என் கதை. யுபிஎஸ் பேட்டரியை மாற்று. கேமரா கார்டில் ஒன்று, டிரைவில் ஒன்று என்று இரண்டு காப்பி வை.

செல்லூர்க்காரன்:
2012 டிவி அண்ணே.

வைகைக்கரை வீடியோ:
அண்ணே, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. கார்டில் இருந்ததுதான். கரண்ட் போனதற்கு முன்னால் அந்த ஃபோல்டர் ஏறி முடிந்துவிட்டதே என்று கார்டை அழித்துவிட்டேன். மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்தில் அழகரின் தசாவதாரக் கோலங்கள், கார்டு காலியாக வேண்டியிருந்தது. மோகினி அவதாரம் வரை அதன் மேலேயே எடுத்துத் தள்ளியிருக்கிறேன்.